தீர்த்தமலையை மும்பை என்பது யார் பிழை?

வீட்டுக் கணினி நாம் இருக்கும் ஊரை விட்டுவிட்டு வேறு ஊரைக் காட்டினால் அது கணினிக் கோளாறு. செட்டிங்ஸில் மாற்றினால் சரியாகிவிடும். சரியாகாவிட்டாலும் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. சர்வீஸ் கடைக்காரர், இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை, கொஞ்சம் கணினி தெரிந்த சொந்தக்காரர் என்று யாரைக் கேட்டாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் சொல்கிறார்கள். மூன்றுமே தவறு. அரூர் தாலுகாவில், தீர்த்தமலை அடிவாரத்தில் கணினி வைத்திருக்கும் எவரும் இதை வீட்டை விட்டு நகராமலே சோதித்துப் பார்க்கலாம்.

மறுக்கும் முன், எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு சொல்லிவிட வேண்டும். விண்டோஸில் லொகேஷன் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. பல வீடுகளில் அது அணைந்தே கிடக்கிறது. பிரவுசர் ஒருமுறை அனுமதி கேட்டபோது 'வேண்டாம்' என்று அழுத்திவிட்டு அதையே மறந்தவர்கள் உண்டு. எதற்காகவோ போட்ட வி.பி.என். இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். இவையெல்லாம் வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் தீர்கிற காரணங்கள். வானிலைக் கட்டத்தில் சென்னை என்று வந்ததால் யாருடைய சோறும் போய்விடாது என்பதும் மேலோட்டமாகப் பார்த்தால் சரிதான். நான் எங்கே இருக்கிறேன் என்று எவனுக்கும் தெரியாமல் இருப்பதே பாதுகாப்பு என்று சிலர் இன்னும் ஒருபடி மேலே போகிறார்கள். இவை ஒதுக்கிவிடக்கூடிய பேச்சுகள் அல்ல. ஆனால் சுவிட்ச் போட்டிருக்கிறது, அனுமதி கொடுத்தாயிற்று, வி.பி.என். இல்லை, அப்படியும் திரையில் மும்பை என்றே வருகிறது. அந்த வீட்டுக்கு இவர்களிடம் பதில் இல்லை.

1. கணினிக்குத் தன் ஊர் தெரியும் என்று யார் சொன்னது?

எல்லாக் குழப்பமும் இந்த நம்பிக்கையில்தான் தொடங்குகிறது. கைபேசியில் ஜி.பி.எஸ். சிப் இருக்கிறது, அது செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கேட்டுத் தன் இடத்தைத் தானே கணக்கிடுகிறது. மேசைக் கணினியில் அந்தச் சிப் கிடையாது. பெரும்பாலான மடிக்கணினிகளிலும் கிடையாது. ஆகவே 'நான் எங்கே இருக்கிறேன்?' என்று அது வெளியே கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்பதற்கு இரண்டே வழிகள். சுற்றிலும் தெரிகிற வைஃபை ரூட்டர்களின் அடையாள எண்களை ஒரு பெரிய நிறுவனத்துக்கு அனுப்பி, அவை எந்த இடத்தில் இருப்பதாகப் பதிவாகியிருக்கின்றன என்று கேட்பது ஒன்று. நம் இணைப்புக்கு வழங்கப்பட்ட ஐ.பி. முகவரியை வைத்து ஊரை ஊகிப்பது இன்னொன்று. இரண்டிலும் விடையைச் சொல்வது வேறு யாரோ. கணினி அதைத் திரையில் எழுதிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

பிரவுசர்கள் இருப்பிடம் கேட்பதற்கான பொது விதிமுறையை வகுத்த உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, திரும்பி வருவது கருவியின் உண்மையான இருப்பிடம்தான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்று அந்த விதிமுறையிலேயே எழுதி வைத்திருக்கிறது. அதோடு, வருகிற ஒவ்வொரு விடையுடனும் 'எத்தனை மீட்டர் வரை பிசகலாம்' என்ற எண்ணும் சேர்ந்தே வர வேண்டும் என்கிறது. 20 மீட்டர் என்று வந்தால் நம்பலாம். 50,000 மீட்டர் என்று வந்தால் அது வெறும் ஊகம். அந்த எண்ணை ஒளித்துவிட்டு ஊர்ப்பெயரை மட்டும் பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் வலைத்தளம் நடத்துகிறவர்கள். பயனருடைய கணினியை இதில் எப்படிக் குற்றம் சொல்வது?

2. ஃபார்மேட் போட்டால் ஊர் மாறுமா?

மாறாது. ஆனால் மாறியது போலத் தெரியும்; அதுதான் இதில் உள்ள கொடுமை.

எங்கள் பக்கத்தில் நடப்பது இது. இணைப்புக் கொடுத்தவரிடம் சொன்னால், "லைன் நல்லா இருக்குங்கண்ணா, ஸ்பீடும் வருது. இது உங்க சிஸ்டம் பிரச்சனை, ஃபார்மேட் போட்டுப் பாருங்க" என்கிறார். வீட்டுக்காரர் சி.பி.யூ. பெட்டியைப் போர்வையில் சுற்றி, பைக்கில் மகனை நடுவில் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அரூருக்குக் கொண்டுபோகிறார். கடைக்காரர் விண்டோஸைப் புதிதாகப் போடுகிறார். போட்டதும் ஊர் சரியாக வருகிறது. காசு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து மாட்டினால் மறுபடியும் மும்பை. கடைக்காரர் ஏமாற்றவில்லை. அவர் கடையில் வேறு நிறுவனத்தின் இணைப்பு; சுற்றிலும் பத்துக் கடைகளின் வைஃபை. அங்கே விடை சரியாகக் கிடைத்தது. வீட்டில் கிடைக்கவில்லை. இதற்கிடையில் குழந்தையின் காதுகுத்துப் படங்களும், பாட்டி உயிரோடு இருந்தபோது எடுத்த காணொளியும் ஃபார்மேட்டில் போய்விட்டிருக்கும்.

சோதனை எளிது. ஊரைத் தவறாகக் காட்டும் கணினியில் வீட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டு, வேறு நிறுவனத்தின் சிம் உள்ள கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். ஐ.பி. முகவரியை வைத்து ஊர் சொல்லும் எந்தத் தளத்தையும் திறந்து பாருங்கள். பெரும்பாலும் ஊர் மாறியிருக்கும். மும்பை போய் சென்னையோ பெங்களூரோ வந்திருக்கும். பிறகு வீட்டு வைஃபையில் வேறொரு மடிக்கணினியை இணைத்து அதே தளத்தைத் திறந்தால் பழைய மும்பையே வரும். கணினியை மாற்றினால் ஊர் மாறவில்லை, இணைப்பை மாற்றினால் ஊர் மாறுகிறது என்றால் கோளாறு எதில் இருக்கிறது? இந்தச் சோதனையைச் செய்துபார்க்காமல் ஃபார்மேட் போடச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

3. செட்டிங்ஸில் எவ்வளவு தூரம் போகலாம்?

சில அடி தூரம் போகலாம். அதை மறைக்க வேண்டியதில்லை. விண்டோஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி என்ற பகுதிக்குள் லொகேஷன், அதற்குள் டீஃபால்ட் லொகேஷன். அங்கே தீர்த்தமலையைக் குறித்து வைத்தால், இடம் சரியாகத் தெரியாதபோது விண்டோஸ் அதை எடுத்துக்கொள்ளும். விண்டோஸைக் கேட்டு நடக்கும் செயலிகளுக்கு அது போதும். இணையத்துக்குக் கேபிளே போட்டிருந்தாலும் கணினியில் வைஃபை வசதி இருந்தால் அதை அணைக்காமல் விடுவதும் நல்லது. அக்கம்பக்கத்து ரூட்டர்கள் அதற்குத் தெரிய வேண்டும்.

ஆனால் கிராமத்தில் இந்த வைஃபை வழி பாதியில் நின்றுவிடுகிறது. வைஃபையை வைத்து இடம் சொல்லும் சேவைகள் பொதுவாகக் குறைந்தது இரண்டு ரூட்டர்களாவது தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன; கூகுளின் சேவை இதை வெளிப்படையாகவே விதியாக வைத்திருக்கிறது. ஒரே ஒரு ரூட்டரை வைத்து ஒரு வீட்டை அடையாளம் காட்டக்கூடாது என்பதற்கு அது நல்ல விதிதான். நகரத்து அடுக்குமாடியில் இருபது ரூட்டர்கள் தெரியும். தோட்டத்து நடுவில், அடுத்த வீடு கூப்பிடு தூரத்துக்கு அப்பால் இருக்கிற இடத்தில் தெரிவது நம்முடையது ஒன்றுதான். உடனே அந்த வழி மூடிக்கொள்கிறது, ஐ.பி. ஊகம் மட்டும் மிஞ்சுகிறது. பெங்களூரில் வேலை பார்த்த பையன் வீட்டைக் காலி செய்து அங்கிருந்த ரூட்டரை இங்கே கொண்டுவந்து மாட்டினால் இன்னொரு சிக்கல். பதிவேட்டில் அந்த ரூட்டர் இன்னும் பெங்களூரில்தான் இருக்கும். அக்கம்பக்கத்தில் ஜி.பி.எஸ். உள்ள கைபேசிகள் நடமாடி, அது இடம் மாறிவிட்டதைப் பதிவேடு தெரிந்துகொள்ளும்வரை இங்குள்ள கணினி பெங்களூரில் இருப்பதாகவே சொல்லிக்கொண்டிருக்கும்.

இதைவிட அடிப்படையான தடை ஒன்று உண்டு. பல வலைத்தளங்கள் உங்கள் கணினியிடம் இடத்தைக் கேட்பதே இல்லை. உங்கள் கோரிக்கை அவர்களுடைய சர்வரை எட்டும்போதே ஐ.பி. முகவரியும் கூடவே போகிறது. அதைத் தங்களிடம் உள்ள பட்டியலில் தேடி ஊரை முடிவுசெய்துவிடுகிறார்கள். நீங்கள் வீட்டில் உட்கார்ந்து செட்டிங்ஸில் எதை மாற்றினாலும் அந்தப் பட்டியலில் ஒரு எழுத்துகூட மாறாது.

4. அந்தப் பட்டியலில் தீர்த்தமலை எப்படி மும்பை ஆயிற்று?

ஐ.பி. முகவரிகளை ஆசிய–பசிபிக் பகுதிக்குப் பங்கிடுவது ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் உள்ள ஏப்னிக் அமைப்பு. இந்தியாவில் அந்தப் பணியைத் தேசிய இணையப் பரிமாற்ற நிறுவனமான நிக்சியின் பிரிவாகிய ஐரின் செய்கிறது. இணைய நிறுவனம் முகவரித் தொகுதியை மொத்தமாக வாங்கும்போது பதிவேட்டில் ஏறுவது அதன் பதிவு அலுவலக விலாசம். பிறகு அந்தத் தொகுதியிலிருந்து எந்த முகவரியை எந்த ஊருக்குக் கொடுத்தது என்பது நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் விவரம். வெளியே இருந்து பட்டியல் போட்டு விற்கும் நிறுவனங்களுக்கு அது தெரியாது. பதிவு விலாசம், இணைப்பு போகும் பாதை, பயனர்களிடமிருந்து கசியும் குறிப்புகள் இவற்றைக் கொண்டு ஊகிக்கிறார்கள். மும்பையில் தலைமை அலுவலகம் உள்ள வங்கியின் அரூர்க் கிளையில் கணக்கு வைத்திருப்பவரை மும்பைக்காரர் என்று எழுதுவது போன்ற வேலை இது.

முகவரிப் பஞ்சமும் சேர்ந்துகொள்கிறது. பழைய முறை ஐ.பி. முகவரிகள் உலகம் முழுவதற்குமாகச் சுமார் 430 கோடிதான். 2011 ஏப்ரலிலேயே ஏப்னிக்கின் கையிருப்பு கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதனால் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல நூறு வீடுகளை அடைத்துவைக்கிறார்கள். ஓசூர்க்காரரும் கடலூர்க்காரரும் தீர்த்தமலைக்காரரும் ஒரே நேரத்தில் ஒரே முகவரியில் வெளியே வரலாம். அந்த முகவரிக்கு எந்த ஊரை எழுதினாலும் அது யாரோ ஒருவருக்குப் பொய்.

இங்கிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். சென்னை சுமார் இருநூறு. 'கிட்டத்தட்ட' என்று சொல்லித் தாண்டிவிடுகிற தூரமா இது?

5. 'நஷ்டம் ஒன்றுமில்லை' என்பவர்கள் 2024 டிசம்பரை நினைத்துப் பார்க்கட்டும்

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. சென்னையில் பெருமழை ஓய்ந்த பிறகுதான் உள்மாவட்டங்களில் கொட்டியது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. மழை பதிவானது. தென்பெண்ணையில் வெள்ளம். ஊத்தங்கரையில் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. அந்த இரவில் தீர்த்தமலையில் ஒரு கணினி தன்னைச் சென்னை என்று நினைத்துக்கொண்டிருந்தால் அதன் வானிலைக் கட்டம் எந்த ஊரின் வானத்தைக் காட்டியிருக்கும்? இரண்டு ஊருக்கும் இடையில் அன்று இருந்த வித்தியாசம் உயிர் பற்றியது. கைபேசிக் கோபுரம் வழியாக வரும் அரசு எச்சரிக்கைக்கு இந்தக் கோளாறு இல்லை. அந்தந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் இருப்பவர்களுக்கு அது போய்ச் சேர்கிறது. இடத்தைச் சரியாகக் கையாள முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

'அருகில் உள்ள மருத்துவமனை' என்று தேடும் வீட்டுக்குச் சென்னை மருத்துவமனைகளின் வரிசை வருவதும் இதே வகைதான். அரூர் அரசு மருத்துவமனையும் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அந்த வரிசையில் இல்லாமல் போகின்றன. உள்ளூர்க்காரர் சிரித்துவிட்டுத் தாண்டிவிடுவார். மாசித் திருவிழாவுக்குத் தீர்த்தகிரீஸ்வரரைப் பார்க்க வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருக்கும் வெளியூர்க்காரர் என்ன செய்வார்?

இன்னொரு நஷ்டம் மெதுவாக நடப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. மின்னஞ்சல் கணக்கில் நுழைந்ததும் 'மும்பையிலிருந்து புதிய நுழைவு, இது நீங்கள்தானா?' என்று எச்சரிக்கை வருகிறது. முதல் தடவை பதறிப்போய்க் கடவுச்சொல்லை மாற்றுவார்கள். போகப்போக, 'அது அப்படித்தான் காட்டும்' என்று பழகிவிடுவார்கள். உண்மையிலேயே மும்பையிலிருந்து ஒரு திருடன் கணக்குக்குள் நுழையும் நாளில் அதே எச்சரிக்கை வரும். அதே விரல் 'ஆம், நான்தான்' என்று அழுத்தும். முதியவர்களின் ஓய்வூதியத்தைக் குறிவைத்து இணைய மோசடி நடக்கும் காலத்தில், எச்சரிக்கையை அலட்சியம் செய்ய மக்களைப் பழக்குவது சின்ன விஷயமா?

ஊகத்தை உண்மையாக எடுத்துக்கொண்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. கான்சாஸ் மாநிலத்தில் பாட்வின் என்ற சிற்றூர்; அதன் அருகே ஒரு பண்ணை வீடு. மேக்ஸ்மைண்ட் என்ற பட்டியல் நிறுவனம், 'அமெரிக்காவுக்குள் எங்கோ' என்பதற்கு மேல் எதுவும் தெரியாத ஐ.பி. முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியைக் குறித்து வைத்தது. அந்தப் புள்ளி அந்தப் பண்ணையின் மேல் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அந்த ஒரு வீட்டைக் காட்டின. திருட்டு, மோசடி, காணாமல் போன பிள்ளைகள் என்று எதைத் தேடினாலும் போலீஸும் புலனாய்வு அதிகாரிகளும் ஆம்புலன்ஸும் ஏமாந்த பொதுமக்களும் வருடக்கணக்கில் அந்த வாசலில் வந்து நின்றார்கள். 2016இல் ஒரு பத்திரிகையாளர் வெளிப்படுத்திய பிறகுதான் நிறுவனம் அந்தப் புள்ளியை ஓர் ஏரியின் நடுவுக்கு நகர்த்தியது. கவனியுங்கள்: அந்த வீட்டுக் கணினியில் எந்தக் கோளாறும் இல்லை. அவர்கள் எந்த செட்டிங்ஸை மாற்றியிருந்தாலும் போலீஸ் வருவது நின்றிருக்காது.

நம் நாட்டில் 2007 ஆகஸ்டில், ஆர்குட் என்ற சமூக வலைத்தளத்தில் வந்த ஓர் இழிவான படத்துக்காகப் பெங்களூரைச் சேர்ந்த மென்பொருள் ஊழியர் ஒருவரைப் புனே போலீஸ் கைது செய்தது. இணைய நிறுவனம் ஐ.பி. முகவரிக்கு உரியவர் என்று தவறான ஆளின் விவரத்தைக் கொடுத்திருந்தது. அவர் 50 நாள் சிறையில் இருந்தார். அது இடப்பட்டியலின் பிழை இல்லை, நிறுவனப் பதிவின் பிழை; இரண்டையும் போட்டுக் குழப்ப நான் விரும்பவில்லை. ஆனால் இரண்டிலும் நடந்தது ஒன்று: எங்கோ ஒரு பதிவேட்டில் இருந்த வரியை யாரும் சரிபார்க்கவில்லை, தண்டனையை அனுபவித்தவர் அந்தப் பதிவேட்டைப் பார்க்கக்கூட முடியாதவர்.

6. 'தவறாகக் காட்டுவதே பாதுகாப்பு' என்ற வாதம்

எதிர்த்தரப்பில் மதிக்கத்தக்கது இது ஒன்றுதான். தன் இருப்பிடத்தை மறைத்துக்கொள்ள ஒருவருக்கு முழு உரிமை உண்டு. கணவனின் கொடுமைக்குத் தப்பி வந்த பெண்ணுக்கு அது உயிர்க்காப்பு. ஆனால் மறைப்பது என்றால் அதை நான் முடிவு செய்திருக்க வேண்டும். இங்கே நான் எதையும் மறைக்கவில்லை. எனக்குத் தெரியாமலே என்னை வேறு ஊரில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பாவது கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. இணைப்புக் கொடுத்த நிறுவனத்திடம் என் ஆதார், வீட்டு விலாசம், பின்கோடு எல்லாம் இருக்கின்றன. பொருள் வாங்கும் தளத்துக்கு வாசற்படி வரை தெரியும். பையில் இருக்கும் கைபேசி நாள் முழுக்கச் சரியான இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. என்னைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்கு உதவ வேண்டிய வானிலையும் மருத்துவமனையும் மட்டும்தான் தவறான ஊரில் போய்த் தேடுகின்றன. மறைக்க விரும்புகிறவருக்கு லொகேஷன் சுவிட்சும் வி.பி.என்னும் இருக்கின்றன. ரூட்டரின் பெயருக்குக் கடைசியில் ஆங்கிலத்தில் ஓர் அடிக்கோடும் 'நோமேப்' என்ற சொல்லும் சேர்த்தால் கூகுள் அந்த ரூட்டரைத் தன் பதிவேட்டில் வைத்துக்கொள்ளாது. இவை நாமே எடுக்கும் முடிவுகள். மும்பை நான் எடுத்த முடிவு இல்லை.

7. பிறகு யார்தான் சரிசெய்வது?

முகவரியைக் கொடுப்பவர். இதற்கு 2020 ஆகஸ்டிலேயே வழி வகுத்தாயிற்று. அப்போது வெளியான ஆர்.எஃப்.சி. 8805 என்ற ஆவணம் ஓர் எளிய கோப்பு முறையைச் சொல்கிறது. இணைய நிறுவனம் தன் முகவரித் தொகுதிகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நாடு, மாநிலம், ஊர் என்று குறித்துப் பொதுவில் வைக்க வேண்டும். பட்டியல் நிறுவனங்கள் அதை எடுத்துக்கொள்ளலாம். தனியுரிமையைக் கருதி பின்கோடு போடுவதைக்கூட அந்த ஆவணம் ஊக்குவிக்கவில்லை, ஊரோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரு பட்டியலை எழுதுவதுதான் வேலை. கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை, பள்ளம் தோண்ட வேண்டியதில்லை.

ஒரு முகவரியைப் பல ஊர்கள் பகிரும்போது இது எப்படி முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பகிரும் தொகுதிகளை மாவட்டவாரியாகப் பிரித்தால் தருமபுரிக்காரர்கள் தருமபுரி முகவரிகளையே பகிர்வார்கள். அதுவும் முடியாத இடத்தில் 'தமிழ்நாடு' என்று மட்டும் எழுதி ஊருக்கான இடத்தைக் காலியாக விடலாம். கோப்பு முறை அதை அனுமதிக்கிறது. புதிய முறை ஐ.பி. முகவரிகளில் பஞ்சமே கிடையாது. ஒவ்வொரு தாலுகாவுக்கும் தனித் தொகுதி ஒதுக்கலாம். தெரியாததைத் தெரியாது என்று விட்டால் வலைத்தளம் நம்மைக் கேட்கும். அங்கே நாமே பின்கோடு போட்டால் அதோடு முடிந்தது.

வாடிக்கையாளர் சேவை எண்ணில் 'உங்கள் சிஸ்டத்தைப் பாருங்கள்' என்று சொன்னால் இனி இரண்டு கேள்விகள் கேளுங்கள். என் இணைப்பின் முகவரித் தொகுதிக்கு நீங்கள் எந்த ஊரை அறிவித்திருக்கிறீர்கள்? அறிவிக்கவே இல்லை என்றால் எப்போது அறிவிப்பீர்கள்? பதில் வராவிட்டால் அதே கேள்விகளை எழுத்தில் அனுப்புங்கள். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் நிறுவனங்கள் சில, திருத்தம் கோரும் படிவமும் வைத்திருக்கின்றன. தனி ஆளின் திருத்தத்தைவிட இணைய நிறுவனத்தின் அறிவிப்புக்கு அங்கே எடை அதிகம்.

தனியார் நிறுவனங்கள் இதைச் செய்ய லாபம் தேடும் என்றால், அரசு நிறுவனத்திலிருந்து தொடங்கட்டும். பாரத்நெட் இரண்டாம் கட்டத்தில் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுபோவதுதான் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்தின் திட்டம். கேபிள் எந்த ஊராட்சியில் போய் முடிகிறது என்பது கழகத்தின் வரைபடத்திலேயே இருக்கிறது. அந்த முனைகளுக்கு ஒதுக்கும் முகவரிகளுக்கு எதிரே எந்த ஊரின் பெயரை எழுதுவது என்பதில் ஊகத்துக்கு வேலையே இல்லை. அரூர் தாலுகாவின் முகவரித் தொகுதிக்கு எதிரே அரூர் என்று எழுதுவதிலிருந்து அந்தக் கோப்பைத் தொடங்கலாம்.